பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மருந்து: இலாபம் வண்டிக்கா, விற்பவருக்கா?



பாசார் மாலாமில் காய்கறிக் கடையையும் பலகாரக் கடையையும் தாண்டிப் போனால், சில நாள்களில் ஒரு சிறு மேசையைப் பார்க்கலாம். அதன்மேல் வண்ண வண்ணமாகச் சின்னப் பாட்டில்கள் அடுக்கியிருக்கும். "ஒரு மூடி ஊற்றினால் போதும், அண்ணே! பெட்ரோல் மிச்சம், இஞ்சின் சுத்தம், இழுவை அதிகம்!" என்று விற்பவர் கூவுவார். இதே சரக்கு மோட்டார் சைக்கிள் பட்டறையிலும் உண்டு. பெட்ரோல் நிலையத்தில் பணம் கட்டும் இடத்திலும் உண்டு. பாட்டிலில் 'அடிட்டிவ்' என்று போட்டிருக்கும். நம்மவர்கள் 'பெட்ரோல் மருந்து' என்பார்கள். இந்தப் பகுதியிலும் அப்படியே சொல்வோம்.

இந்த மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது இளவட்டங்களின் பொழுதுபோக்குப் பேச்சு அன்று. தோட்டத்து வீட்டில் மோட்டார் சைக்கிள் என்பது ஆடம்பரப் பொருளா? தலைவர் வேலைக்குப் போவதும், பிள்ளை பள்ளிக்குப் போவதும், காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு போவதும் அதில்தான். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாள் உழைப்பு சுமார் 65 வெள்ளி. 15 வெள்ளிக்கு ஒரு பாட்டில் வாங்கினால், பொழுது விடிந்ததிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் உழைத்த காசு அதில் போய்விடும். ஆகவே, வாங்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை அல்லவா?

முதலில் வீட்டுக் கணக்கு

கணக்கு நோட்டை வைத்திருக்கும் தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு சிறிய 'கப்சாய்' வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள். மொத்தம் 780 கிலோமீட்டர். அதற்கு ஏறக்குறைய 16 லிட்டர் வேண்டும். லிட்டர் 2 வெள்ளி என்று போட்டால் மாதச் செலவு 32 வெள்ளி.

இப்பொழுது 15 வெள்ளிப் பாட்டில் ஒன்று ஒரு மாதத்துக்கு வருகிறது என்போம். அது நூற்றுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று விற்பவர் சொல்கிறார். அவர் சொல்வது முழுக்க முழுக்க உண்மை என்றே ஒப்புக்கொள்வோம். மிச்சமாவது எவ்வளவு? 3 வெள்ளி 20 காசு! 15 வெள்ளி கொடுத்து 3 வெள்ளி 20 காசு வாங்குகிறோம். மாதம் 11 வெள்ளி 80 காசு நட்டம். வருடத்துக்கு 141 வெள்ளி 60 காசு நட்டம்.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தினமும் போய் வருகிறவர்கள், "எங்கள் ஓட்டம் அதிகமாயிற்றே!" என்று கேட்கலாம். சரி, ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். பெட்ரோல் 64 வெள்ளி. பத்துப் பங்கு மிச்சம் 6 வெள்ளி 40 காசு. ஓட்டம் கூடினால் மருந்தும் கூட வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அதே ஒரு பாட்டில் போதும் என்று வைத்தாலும் போட்ட காசு திரும்பவில்லை. பெரிய லாரிக்கோ பேருந்துக்கோ இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். நம்முடைய வண்டி குடிப்பதே கொஞ்சம். கொஞ்சத்தில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

"எரியாமல் வீணாகும் பெட்ரோலை எங்கள் மருந்து எரிய வைக்கும்" என்பது பல பாட்டில்களின் பல்லவி. இதையும் பார்ப்போம்.

எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் கலந்து இஞ்சினுக்குள் போகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது, கலவை எரிகிறது, பிஸ்டன் இறங்குகிறது. ஒழுங்காக இருக்கும் இஞ்சினில் எரியாமல் புகைக்குழாய் வழியே போவது நூற்றுக்கு ஒரு சில பங்குதான். அதை முழுவதும் எரித்துவிட்டாலும் கிடைக்கும் இலாபம் அந்த ஒரு சில பங்கைத் தாண்டாது.

அப்படியானால் மீதிச் சக்தி எங்கே போகிறது? சூடாகப் போகிறது. புகைக்குழாயைத் தொட்டுக் காலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்ரோலின் சக்தியில் பெரும்பங்கு இப்படி வெப்பமாகக் கழிகிறது. அது இஞ்சினின் அமைப்பிலேயே உள்ளது. ஒரு மூடி மருந்தால் அந்த அமைப்பை மாற்ற முடியாது.

பம்பில் வருவது வெறும் பெட்ரோல் அன்று

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நிலையத்தில் நாம் ஊற்றும் பெட்ரோலில் ஏற்கெனவே மருந்து கலந்துதான் வருகிறது. வால்விலும் பெட்ரோல் போகும் வழியிலும் படியும் அழுக்கைத் தடுக்கும் சுத்திகரிப்புப் பொருள்களை எண்ணெய் நிறுவனங்கள் சேர்க்கின்றன. கால்டெக்ஸ் நிறுவனம் 'டெக்ரான்' என்ற பெயரை விளம்பரத்திலேயே போடுகிறது. மற்ற நிறுவனங்களுக்கும் தத்தம் கலவை உண்டு. சாம்பாரில் உப்பு போட்டுத்தான் கடைக்காரர் தருகிறார். நாம் மேலும் ஒரு கைப்பிடி போட்டால் ருசி கூடுமா?

இனி, கடைகளில் கிடைக்கும் மருந்துகளை வகை வகையாகப் பிரித்துப் பார்ப்போம். எல்லாம் ஒன்றல்ல.

ஒன்று: சுத்தம் செய்யும் மருந்து

இந்த வகையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாலியீதர் அமின் என்ற இரசாயனம் உள்ள மருந்துகள் வால்விலும் இஞ்செக்டரிலும் ஒட்டிய கரியைக் கரைக்கக் கூடியவை. நம் மோட்டார் சைக்கிள்களில், கார்புரேட்டர் வண்டியானாலும் இஞ்செக்ஷன் வண்டியானாலும், பெட்ரோல் உள்வால்வின் முதுகை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. அதனால் மருந்து அங்கே போய்ச் சேரும்.

பல ஆண்டு ஓடிய வண்டி, நிற்கும்போது நடுக்கம், முறுக்கினால் தயக்கம், பிளக்கும் காற்று வடிகட்டியும் மாற்றியும் குணமில்லை என்றால், நல்ல பெயருள்ள மருந்து ஒன்றைக் கைநூலில் சொன்ன அளவுப்படி ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு இஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. ஆனால் இது பேதி மருந்து போன்றது. வயிறு கெட்டபோது ஒரு வேளை குடிக்கலாம். தினமும் சோற்றோடு சாப்பிடலாமா?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கை எந்த மருந்தும் வளர்த்துக் கொடுக்காது. நாலு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் இடம் பட்டறைதான்.

இரண்டு: ஆக்டேன் கூட்டும் மருந்து

இதைத்தான் இளைஞர்கள் அதிகம் வாங்குகிறார்கள். ஆக்டேன் எண் கூடினால் வேகம் கூடும் என்று ஓர் எண்ணம். அது சரியன்று. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அன்று, பொறுமை. இஞ்சினுக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, நேரம் வருமுன் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மைக்குத்தான் அந்த எண்.

நம் நாட்டில் 2009 செப்டம்பரில் ரோன் 95 பெட்ரோல் வந்தது. அதற்கு முன் ரோன் 92 விற்பனையில் இருந்தது. 1980-களில் வந்த ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியும், 1996-இல் கெடா மாநிலம் குருணில் உள்ள மொடனாஸ் தொழிற்சாலை வெளியிட்ட கிரிஸ் வண்டியும் அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஓடியவைதாம். அவற்றுக்கு ரோன் 95 தாராளமாகப் போதும். தேவைக்கு மேல் பொறுமை ஊட்டுவதால் இஞ்சினுக்கு ஒரு பயனும் இல்லை.

மேலும், பாட்டிலில் 'முப்பது பாயிண்ட் கூடும்' என்று எழுதியிருந்தால் 95 என்பது 125 ஆகிவிடாது. அவர்கள் கணக்கில் பத்துப் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஓர் எண். 95 என்பது 98 ஆகும், அவ்வளவுதான். சில மருந்துகளில் மாங்கனீஸ் அல்லது இரும்பு கலந்த இரசாயனம் இருக்கும். அது பிளக்கில் செங்காவி நிறத்தில் படியும். படிவு அதிகமானால் பொறி சரியாக விழாது. பிறகு பிளக் செலவு.

மூன்று: இஞ்சின் எண்ணெயில் ஊற்றும் மருந்து

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. 'கறுப்பு எண்ணெய்' என்று நாம் சொல்லும் இஞ்சின் எண்ணெயில் கலக்கும் 'உராய்வு நீக்கி' மருந்தைக் காருக்கென்று செய்திருப்பார்கள். பெரும்பாலான காரில் கிளட்ச் வேறு இடத்தில் உலர்ந்து இருக்கும். நம் கப்சாய் வண்டியிலோ கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். உராய்வை எடுத்துவிட்டால் கிளட்ச் வழுக்கும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது. பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும் நேரத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் எண்ணெய் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். அது எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய் என்று ஜப்பானியர் வகுத்த அளவுகோல். 'எம்.பி.' என்றிருப்பது உராய்வு குறைந்தது. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர் போன்ற வண்டிகளுக்கு உரியது. நீங்கள் எந்த மருந்தும் வாங்க வேண்டாம். இந்த எழுத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 'டூ டி' எண்ணெய் வேறு சங்கதி. அதுதான் அந்த இஞ்சினுக்கு உயிர். அதை நிறுத்திவிடக் கூடாது.

நான்கு: கைவைத்தியம்

டாங்கியில் பாச்சை உருண்டை போட்டால் வண்டி பறக்கும் என்பது பழைய நம்பிக்கை. நாப்தலீன் உருண்டைக்கு ஆக்டேன் கூட்டும் குணம் உண்டுதான். ஆனால் அது கரைந்து மறுபடி துகளாகத் திரண்டு ஜெட்டை அடைக்கக் கூடும். இப்பொழுது விற்கும் உருண்டைகளில் பலவற்றில் நாப்தலீனே இல்லை. குளோரின் கலந்த வேறு பொருள். அது எரிந்தால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். துணிப்பெட்டியில் இருக்க வேண்டியது துணிப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. அது பெட்ரோலின் பொறுமையைக் கெடுத்து, இஞ்சினில் தட்டும் சத்தத்தை உண்டாக்கும். நம் தோட்டத்துச் செம்பனையிலிருந்து செய்த எரிபொருளை டீசலில் கலக்கிறார்களே என்று கேட்கலாம். ஆம், 2019 முதல் வாகன டீசலில் பத்துப் பங்கு செம்பனை எரிபொருள் கலக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அது ஆலையில் பக்குவப்படுத்தி, டீசல் இஞ்சினுக்காகக் கலப்பது. சமையல் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்ற அது அனுமதிச் சீட்டு ஆகாது.

உலகம் கண்ட அனுபவம்

மருந்து எதுவுமே வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைச் சிறிது சேர்த்தால் இஞ்சின் தட்டுவது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சி மாநிலத்து ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் ஈய நஞ்சேறி, புத்தி பேதலித்து இறந்தார்கள். அப்படியும் உலகம் முழுவதும் அதைப் பல்லாண்டுகள் எரித்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயப்புகை கெடுக்கிறது என்று தெளிந்த பிறகுதான் நாடுகள் ஒவ்வொன்றாக அதை விட்டன. கடைசியாக அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது. வேலை செய்த மருந்தின் கதையே இப்படி!

வேலை செய்யாதவற்றின் கதை இன்னும் நீளம். அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்று விளம்பரம் செய்த கருவிகளும் மருந்துகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. ஏதோ கொஞ்சம் பலன் தந்தவை மிகச் சிலவே. ஆஸ்திரேலியாவில் 'ஃபயர்பவர்' என்ற நிறுவனம், டாங்கியில் போடும் மாத்திரையைக் காட்டிப் பெரும் பணம் திரட்டியது. கூடைப்பந்துக் குழு ஒன்றையே விலைக்கு வாங்கியது. 2008-இல் நிறுவனம் கவிழ்ந்தது. பங்கு வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

தமிழ்நாட்டுச் செய்தி நமக்கு மறந்திருக்காது. 1996-இல் இராஜபாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர் மூலிகையும் தண்ணீரும் கொண்டு பெட்ரோல் செய்யலாம் என்றார். பத்திரிகைகள் கொண்டாடின, நாமும் 'நம்மவர்' என்று பெருமைப்பட்டோம். ஆராய்ந்த விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. பெருமை வேறு, பரிசோதனை வேறு என்பதே அதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

என் பேச்சையும் நம்ப வேண்டாம், விற்பவர் பேச்சையும் நம்ப வேண்டாம். பிள்ளையின் பழைய பயிற்சி நோட்டு ஒன்றை எடுங்கள். டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி, மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அடுத்த முறை நிறைக்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். மருந்தில்லாமல் ஐந்து டாங்கி, மருந்தோடு ஐந்து டாங்கி. அதே பாதை, அதே பாரம், அதே வேகம்.

ஒரு டாங்கியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 4 லிட்டர் டாங்கியில் 200 மில்லி கூடக்குறைய ஊற்றினாலே நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம் வந்துவிடும். அதோடு, மருந்துக்குக் காசு கொடுத்தவர் தம்மை அறியாமல் மெதுவாக ஓட்டுவார். மிச்சம் பிடித்தது அவர் கை. பெயர் வாங்கியது மருந்து!

அந்தக் காசை எதில் போடலாம்?

பினாங்கு மண்ணுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1950-களின் இறுதியில் ஹோண்டா வண்டியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ பினாங்கு வணிகர்தாம். அந்தச் சிறு வண்டிகள் நீண்ட காலம் உழைத்ததற்குக் காரணம் எளிய பராமரிப்பு.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை பாருங்கள். காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் குடிக்கும். சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டு, நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆடும்படி வையுங்கள். சரியான அளவு கைநூலில் இருக்கும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். செம்மண் தூசியில் ஓடும் தோட்டத்து வண்டிக்கு இது பட்டணத்து வண்டியைவிடச் சீக்கிரம் தேவைப்படும். பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இஞ்சின் எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுங்கள்.

மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போய்க் கார்புரேட்டர் வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றால், கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலை அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைப்பதால்தான் நின்ற வண்டி கிளம்ப மறுக்கிறது.

பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. இரசீது கேட்டு வாங்கி வையுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நம் ஜார்ஜ் டவுனிலேயே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இத்ரீஸ் பல்லாண்டு தலைமை தாங்கி வளர்த்த அச்சங்கம், ஏழை எளியவரின் புகாருக்குக் காது கொடுத்து வந்திருக்கிறது.

ஆக, முடிவு இதுதான். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குப் பெட்ரோல் மருந்து வேண்டாம். கரி பிடித்த பழைய வண்டிக்குச் சுத்த மருந்து ஒரு முறை போதும். கெட்டுப்போன வண்டிக்கு மருந்து உதவாது, மெக்கானிக்தான் உதவுவார். மாதம் 15 வெள்ளிப் பாட்டில் வாங்கும் வீட்டில், இந்த மாதம் அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு அது உதவும்.